ஒரு விசில், இரண்டு விசில்

ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. பஸ்ஸில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும் என்றுதான் எழுபது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று நினைத்ததால் என் மகன் ஒருநாள் லாரிக்கு முன்னால் போனான். அதைத்தான் எழுதப்போகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் மகன் கண்டக்டராக இருந்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷம். ஒருவரையும் படியில் தொங்க விடமாட்டான். "உள்ள ஏறு, இல்லன்னா எறங்கு" என்பான். காலேஜ் பிள்ளைகளுக்கு அவன்மேல் கோபம், பெற்றவர்களுக்கு மரியாதை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டீல் விசில் தொங்கும். வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றிச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கை கால் கழுவுவான்.

மூன்று வருஷம் முன்னால் ட்யூட்டி முடிந்து பைக்கில் வந்தபோது காரைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்தது, தலையில் அல்ல, வண்டிக் கண்ணாடியில். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தான். பிழைத்துவிட்டான். நடந்தான், சாப்பிட்டான், என்னை அம்மா என்றான், மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"கை காலு நல்லாத்தான் இருக்கும்மா. நெத்திப் பக்கம் மூளையில அடி. மனசுல என்னா தோணுதோ, அத அந்த நிமிஷமே செஞ்சிடுவாரு. வண்டி ஓடும். பிரேக்கு மட்டும்தான் இல்ல."

பிரேக்குக்கு நான் இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் அப்பா போன பிறகு ஒற்றையாளாக முந்திரி உடைத்து வளர்த்த பிள்ளை. யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இப்போது மட்டும் நிற்கவா போகிறேன்?

எங்கள் வீடு முதுநகர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. பஸ் ஹாரன் சமையல்கட்டுவரை கேட்கும். அவனுடைய முதல் ட்ரிப் நேரத்துக்கு ஹாரன் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவான். ரோட்டுக்கு நடுவில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அந்த லைன் டிரைவர்களுக்கு அவனைத் தெரியும், பிரேக் போட்டுவிடுவார்கள். லாரிக்காரனுக்குத் தெரியுமா? பஸ்ஸில் ஏறிவிட்டாலோ நேரே படிக்கட்டுக்குப் போவான். அங்கே நிற்கிறவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பான். ஒரு மாணவனை அறைந்தே விட்டான். பஸ் நிற்பதற்கு முன்னால் கண்டக்டர்கள் குதிப்பார்கள் அல்லவா, அப்படிக் குதித்து ஆலப்பாக்கத்தில் விழுந்து தாடையில் ஐந்து தையல்.

கேட்டவர்களிடம் நான், "தலைசுத்தல், அதான் வேலைக்குப் போவல" என்று சொல்லிவைத்திருந்தேன்.

பிறகு கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில். அவன் முதலில் நயமாகத்தான் கேட்பான்.

"யம்மா, மொத ட்ரிப்பு போவணும். தொற."

"இன்னிக்கு லீவுடா."

"யார் சொன்னது?"

"மொதலாளி சொன்னாரு."

அதை நம்பிக் கொஞ்ச நேரம் உட்கார்வான். ஹாரன் கேட்டதும் நம்பிக்கை போய்விடும். கம்பியைப் பிடித்து உலுக்குவான். ஒருநாள் பின்பக்க மதிலில் ஏறினான். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. திருடன் வராமல் இருக்க நான் பதிக்கச் சொன்னதுதான். உள்ளிருந்து வெளியே ஏறியவன் என் மகன். தொடையிலிருந்து முழங்கால்வரை கிழித்துக்கொண்டான்.

அந்தக் கட்டோடு இருந்தபோதுதான் என் தம்பி வந்தான். அவனுக்குக் காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு. வரும்போதெல்லாம் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருவான். பழத்தைக் கீழே வைக்காமலே கட்டைப் பார்த்தான்.

"அக்கா, திட்டக்குடிக்கு அந்தாண்ட ஒரு காப்பகம் இருக்குது. நேரா நேரத்துக்குச் சோறு, மாத்திரை. கம்பி கேட்டு, ராப்பகலா காவலு."

"ஜெயிலுன்னு சொல்லு."

"இங்க நீ போட்டிருக்கிற பூட்டுக்குப் பேரு என்னாவாம்?"

நான் அவன் தோளிலிருந்து பலாப்பழத்தை இறக்கி வைத்தேன்.

"அவன் உசுரோட இருக்கணுமா வேணாமா? அத மட்டும் சொல்லு," என்றான். "இன்னொரு தடவ ரோட்டுக்கு ஓடினான்னா நான் வந்து அழைச்சிட்டுப் போயிடுவேன். சரின்னு சொல்லு."

சரி என்றேன். நான் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் வாக்காக வாங்கிக்கொண்டான்.

என் மருமகள் திருப்பாப்புலியூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அதிகம் வாய் பேசாத பெண். மாத்திரை வாங்கப் போன இடத்தில் என்னைக் கேட்காமலே யாரிடமோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் சிதம்பரத்தில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். தலையில் அடிபட்டவர்களுக்கு வீட்டோடு, தெருவோடு வாழப் பழக்குவது அவள் வேலையாம். நான் நாற்காலி போட்டேன். காப்பி கொடுக்கவில்லை.

"அவரு யாரு சொன்னா கேக்கறாரும்மா?" என்றாள்.

"நான் சொன்னா கேப்பான்."

உள்ளே ஜன்னல் கம்பி தடதடவென்று ஆடியது. "யம்மா, தொற" என்று அவன் குரல். மருமகள் தலையைக் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

மையத்துப் பெண் சிரிக்கவில்லை. "பூட்டத் தொறங்க. ரோடு வரைக்கும் மூணு பேரும் அவரோட நடந்து பாப்போம்" என்றாள். "அப்புறம் டீக்கடை, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாருகிட்டயும் இவருக்கு என்னான்னு சொல்லிடணும். நீங்க ரெண்டு பேரு பாத்துக்கறத விட இருவது பேரு பாத்துக்கறது நல்லதுதான?"

"எதுக்கு? ஊரு சிரிக்கவா? அவனுக்குத் தலைசுத்தல்னுதான் சொல்லியிருக்கேன்."

அப்போது மருமகள் வாயைத் திறந்தாள். "அத்தை, ஊருக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் கேட்டைத் தாண்டியதும் வேகமாக நடந்தான். எதிர்ப்பக்கம் ஸ்டாப்பிங்கில் சிதம்பரம் பஸ் ஒன்று அப்போதுதான் புறப்பட்டிருந்தது. இவன் ரோட்டில் இறங்கக் காலை எடுத்துவிட்டான். நான் கத்தினேன், மருமகள் கத்தினாள், அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த நேரத்தில் பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஒரு அம்மாள் ஓடிவர, கண்டக்டர் அவளுக்காக ஒரு விசில் ஊதினார். பஸ் நின்றது. என் மகனும் நின்றான். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் மண்ணில், அப்படியே சிலை மாதிரி. அந்த அம்மாள் ஏறினாள். இரண்டு விசில். பஸ் போயிற்று. இவனும் காலை எடுத்துவைத்தான். மருமகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மையத்துப் பெண் என்னைப் பார்த்தாள். "இவரோட விசில் வீட்டுல இருக்கா?"

சாமி படத்து ஆணியிலேயே இருந்தது. மூன்று வருஷமாக நான்தான் அதற்கும் சேர்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் வைத்து எனக்குப் பழக்கினாள். "ஒண்ணு ஊதினா நிக்கறாரு. ரெண்டு ஊதினா போறாரு. பதினெட்டு வருஷப் பழக்கம், அது அடிபட்ட எடத்துல இல்ல, வேற எடத்துல இருக்குது. நீங்க ஒண்ணு ஊதிட்டு வாயிலேருந்து எடுத்துடணும். அப்புறம் போயி கையப் புடிச்சிக்கணும். அதுதான் முக்கியம்."

"எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியும்மா," என்றேன்.

எனக்கு முன்பல் இரண்டு இல்லை. ஊதினால் பாதிக் காற்று பக்கத்தில் போகும். மகன் என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "நாக்க உள்ள தள்ளும்மா, எச்சி உழுவுது பாரு" என்றான். கற்றுக்கொண்டேன். வாசலில் அவன் நடப்பான், நான் ஊதுவேன், நிற்பான். மருமகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரம் காலையில் ஒரு மணி நேரம் பூட்டில்லாமல் போயிற்று. டீக்கடைக்காரரிடமும் பூக்காரியிடமும் மருமகளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அங்கே போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் மீன் வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட் எதிர்ப்பக்கம். ரோட்டோரம் வரும்போதே சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன். அவன் என் கையை உதறிவிட்டான். நான் விசிலை வாயில் வைத்து ஒன்று ஊதினேன். நின்றான். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அழகாக நின்றான். வலப்பக்கம் செங்கல் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. நான் போய்க் கையைப் பிடித்திருக்கவேண்டும். அவன் குதிகால் தூக்கியதுபோல் எனக்குத் தோன்றியது. விசில் வாயிலேயே இருந்தது. பயத்தில் இன்னொன்று ஊதினேன்.

அவன் போனான்.

பூக்காரி கட்டிக்கொண்டிருந்த சரத்தை வீசிவிட்டுப் பாய்ந்தாள். சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது, இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள், லாரி ஹாரனை அடித்தபடியே போய்விட்டது. கனகாம்பரம் ரோடெல்லாம் கிடந்தது. என் மகன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்:

"ரைட்டு குடுத்துட்டு ஏம்மா புடிக்கிறீங்க?"

அவன் கேட்டது வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கூட்டம் கூடிவிட்டது. "விசில் ஊதியும் ஓடிட்டாம்பா" என்றார் டீக்கடைக்காரர். "அது சரியா வராதுக்கா" என்றாள் பூக்காரி, முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தம்பிக்குச் சேதி போயிற்று. "வெள்ளிக்கிழம காரு எடுத்துட்டு வரேன்" என்று போனில் சொன்னான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் அப்படி இருந்தேன். மையத்துப் பெண் போன் செய்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? ஒன்று ரெண்டு எண்ணத் தெரியும் என்றவள் நான்தானே. மகன் ஓடிவிட்டான் என்று ஊர் சொல்லட்டும், கிழவி தப்பாக ஊதிவிட்டாள் என்று சொல்லவேண்டாம் என்று என் மனசு நினைத்தது. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அது அப்படித்தான் நினைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகள் ஒரு பையில் அவன் துணிகளை அடுக்கினாள். யூனிபார்ம் சட்டையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ரூட்டு?" என்று கேட்டான்.

"திட்டக்குடி."

"அது நம்ம ரூட்டு இல்லியே. போயிட்டு எத்தினி மணிக்கு ரிட்டர்னு?"

அவள் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஜிப் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

தம்பி வந்து காரை வாசலில் நிறுத்தினான். மருமகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்து நான் சொன்னேன்.

"அவன் ஓடல. நான் ரெண்டு ஊதிட்டேன்."

"என்னா?"

"ஒண்ணு ஊதினேன், நின்னான். நிக்க மாட்டானோன்னு பயந்து இன்னொண்ணு ஊதிட்டேன். ரெண்டுன்னா ரைட்டு. நான் போன்னு சொன்னேன், போனான். தப்பு என்னுது."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டு நாளா வாயில என்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத முன்னயே சொல்லியிருந்தா ரெண்டு நாளு நான் சோறு தின்னிருப்பேன், அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தம்பிக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. "அவன அனுப்ப மனசு இல்லாம சொல்றியா, நெசமாத்தான் சொல்றியா?"

"தப்பு பண்ணேன்னு நான் பொய் சொல்லி எப்பவாச்சும் கேட்டிருக்கியா?"

அவன் யோசித்தான். அதில் நியாயம் இருந்தது. "சரி. காரு இங்கயே நிக்கட்டும். பஸ்லயே சிதம்பரம் போவோம். அந்தப் பொண்ணையும் நேருல கேட்டுடலாம். போற வழியில ஒரு தடவ ஓடினான்னாலும் திரும்பி வந்து பைய எடுத்துக்குவேன். அப்ப நீ பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

தம்பி, நான், மகன், மூன்று பேரும் போனோம். மருமகள் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டாப்பிங்கில் வந்து நின்றது அவனோடு பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டிய டிரைவரின் பஸ். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏறு மச்சான். படில நின்னேன்னா எறக்கி உட்டுடுவேன்."

"நானா படில நிக்கிறவன்? பிரேக்க ஒழுங்கா புடி மொதல்ல," என்றான் மகன். ஏறிக் கண்டக்டர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தான். தம்பி அவனுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு விசிலுக்கும் அவன் உடம்பு சின்னதாக ஆடியது. "செம்மங்குப்பம். அடுத்தது ஆலப்பாக்கம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆலப்பாக்கத்தில் காலேஜ் கூட்டம் ஏறியது. இரண்டு பேர் படியிலேயே நின்றுவிட்டார்கள். பஸ் வேகம் எடுத்ததும் இவன் எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தம்பி அவன் இடுப்பைப் பிடிக்க, அவன் தம்பி கையைத் தட்டிவிட, எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று ஊதினேன். ஒன்றே ஒன்று. உடனே வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

மகன் நின்றான். பஸ்ஸும் நின்றது.

ஒரு விசிலுக்கு டிரைவர் பிரேக் போடாமல் என்ன செய்வார்? நின்றிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். "ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல எவன்பா ஊதினது?" என்று டிரைவர் கேட்டார். கண்டக்டர் தன் விசிலைத் தூக்கிக் காட்டி, "நான் இல்லண்ணே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேராக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்கம்மாதான்," என்றான் மகன். "புதுசா ட்யூட்டிக்கு வந்திருக்குது."

பஸ்ஸே சிரித்தது. படியில் நின்ற இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் ஏறியதைப் பார்த்த பிறகு மகன் உட்கார்ந்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. டிரைவர், "ரைட்டு குடுக்க ஒத்துக்கறியா ஆத்தா, போலாமா?" என்றார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவரே இரண்டு ஊதினார். தம்பி துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று ஒன்றும் நடக்காமல் சிதம்பரம் வந்தோம். பஸ் முழுசாக நின்ற பிறகுதான் அவனை இறங்கவிட்டோம். மையத்துக்குப் போக ஸ்டாண்டுக்கு வெளியே ரோட்டைத் தாண்டவேண்டும். அந்த இடத்தில் பஸ் உள்ளே திரும்பும், ஆட்டோ வெளியே வரும், நடுவில் கோயிலுக்கு வந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அவன் எங்களுக்கு நான்கடி முன்னால் போய்விட்டான். ஒரு பஸ் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. வாய் உலர்ந்துபோய் வெறும் காற்றுதான் வந்தது. நாக்கை உள்ளே தள்ளி மறுபடி ஊதினேன். அதுவும் காற்று. தம்பி ஓடினான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவன் இல்லை.

என் மகன் ரோட்டு விளிம்பில் வந்தான். உதட்டைக் குவித்தான். அவனே ஒன்று ஊதினான். பிள்ளைகள் வாயால் ஊதுவதுபோல் மெலிசாக, ஒன்று. நின்றான்.

பஸ் அவன் முன்னால் திரும்பிப் போயிற்று. அதன் காற்றில் சட்டை ஆடியது. அவன் வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், பின்னால் திரும்பி எங்களையும் பார்த்தான், எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று கண்டக்டர் பார்ப்பதுபோல். பிறகு இரண்டு ஊதினான். நடந்து போனான். எதிர்ப்பக்கம் நின்று, "சீக்கிரம் வாங்க, லேட்டாவுது" என்று கூப்பிட்டான்.

தம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெகுநேரம் துடைத்தான்.

"அக்கா."

"என்னா?"

"ஒண்ணுமில்ல. விசில வாயிலேருந்து எடு."

மையத்தில் அந்தப் பெண்ணிடம் நானே முதலில் சொன்னேன், இரண்டு ஊதியதை. யாரும் கேட்கும்முன் சொல்லிவிட்டேன். அவள், "பயத்துல ஒண்ணோட நிறுத்தறது கஷ்டம்மா. அத நான் உங்களுக்குப் பழக்கியிருக்கணும். விட்டுட்டேன்" என்றாள். ரோட்டில் அவன் தானே ஊதி நின்றதைத் தம்பிதான் சொன்னான். நான் சொன்னால் பெருமை என்று நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவள் அதை மறுபடி ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். "இனிமே அதத்தான் வளக்கணும். அடுத்தவங்க ஊதற விசிலு எப்பவும் கூட வராது" என்றாள். பிறகு எங்களுக்குக் காப்பி வரவழைத்தாள். அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வந்தபோது காப்பியோடு முறுக்கும் வைத்தேன்.

தம்பி அன்றைக்கு வெறும் காரை ஓட்டிக்கொண்டு காடாம்புலியூர் போனான். நாங்கள் திரும்பி வந்து முகத்தைக் காட்டியதுமே மருமகள் ஒன்றும் கேட்காமல் பையின் ஜிப்பைத் திறந்தாள்.

என் மகனுக்குக் குணமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. போன மாதம்கூடப் புதுச்சத்திரத்தில் ஒரு ஆளைப் படியிலிருந்து இழுத்துச் சண்டையாயிற்று. கண்டக்டர் விளக்கிச் சொல்லி அனுப்பிவைத்தார். ஆனால் இப்போது வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போகிறான். அந்த லைன் டிரைவர்கள் எல்லோருக்கும் அவன் கதை தெரியும். பூக்காரியிடம் ஒரு விசில் இருக்கிறது, டீக்கடையில் ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுதான் ஊதணும். நான் ரெண்டு ஊதினவ, அதனால சொல்றேன்" என்று சொன்னேன். பூக்காரி கேட்டுவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா அவன நான் திட்டியிருக்க மாட்டேனேக்கா" என்றாள். அன்று சிதறிய கனகாம்பரத்துக்கு ஈடாக ஏதாவது கொடுக்கலாம் என்று போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. என்னைப் போலவே அவளும் ஒரு மாதிரி.

முதல் தடவையாக நான் இல்லாமல், மருமகளோடு மட்டும் அவன் சிதம்பரம் போன அன்றைக்கு ஸ்டாப்பிங்வரை போனேன். இருவரும் ஏறினார்கள். இரண்டு விசில் கேட்டது. பஸ் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாய் சோறு தின்றேன். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். மூன்று வருஷமாக ஒரு காதை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டு மற்றக் காதால்தான் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை.

பூக்காரி தெருவில் போகும்போது குரல் கொடுத்தாள். "என்னாக்கா, பட்டப்பகல்ல கேட்டத் தொறந்து போட்டுட்டு என்னா பண்ற?"

"தூங்கறேன்," என்றேன்.

"தூங்கு, தூங்கு," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.